செஸ் எஞ்சினுக்கு ஹாஷ் எவ்வளவு வைப்பது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நீடாமங்கலம், மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்கிற பெற்றோரும் பயிற்சியாளர்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "ஹாஷ் எவ்வளவு வைக்கணும்?" செஸ் நகர்வுகளைக் கணக்கிடும் மென்பொருள்தான் எஞ்சின்; அது தன் குறிப்புகளை எழுதி வைக்க ரேமில் ஒதுக்கும் இடம்தான் ஹாஷ். ஒரு எண்ணைச் சொன்னால் குறித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறார்கள். யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைத்ததால்தான் பாதிப் பேருடைய லேப்டாப் தகராறு செய்கிறது. எஞ்சினை எவ்வளவு நேரம் யோசிக்க விடுகிறீர்கள், எத்தனை த்ரெட் (பிராசசரில் ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள்) ஓடுகிறது, கணினியில் மிச்ச ரேம் எவ்வளவு, இந்த மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும். அளவு போதுமா போதாதா என்பதை எஞ்சினே திரையில் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கும் பூவனூர் எங்கள் பக்கத்து ஊர்தான். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு இங்கே செஸ் கற்கும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் பழைய 4 ஜிபி லேப்டாப்கள். அவற்றை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஹாஷ் செய்கிற வேலை

வெள்ளை டி4 ஆட, கறுப்பு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறது. பிறகு சி4, இ6, குதிரை எஃப்3. இன்னொரு ஆட்டத்தில் வெள்ளை குதிரை எஃப்3-இல் தொடங்கி, சி4 ஆடி, டி4-ஐ மூன்றாவதாக ஆடுகிறது. பலகையில் வந்து நிற்பது ஒரே நிலைதான். எஞ்சின் யோசிக்கும்போது இப்படி ஒரே நிலைக்கு வேறு வேறு வழிகளில் திரும்பத் திரும்ப வந்து சேரும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட்டால் நேரம் வீண். அதனால் பார்த்த நிலையை, அதற்குக் கண்ட நல்ல நகர்வோடும் மதிப்பெண்ணோடும் ரேமில் ஒரு அட்டவணையில் எழுதி வைக்கிறது. அதுதான் ஹாஷ்.

எந்த நிலை என்று அடையாளம் காண, 1970-இல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் கொடுத்த முறையை எஞ்சின்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள்; ஒவ்வொரு சேர்க்கைக்கும் முன்கூட்டியே ஒரு சீரற்ற எண். பலகையில் இருக்கும் காய்களின் எண்களை எக்ஸார் என்ற பிட் கணக்கில் சேர்த்தால் அந்த நிலைக்கான 64 பிட் எண் கிடைத்துவிடும்.

பலரும் பயன்படுத்தும் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் ஒரு நிலையைப் பதிய எடுத்துக்கொள்வது 10 பைட். மூன்று பதிவுகளைச் சேர்த்து 32 பைட் கொண்ட ஒரு கட்டாக வைக்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் ஹாஷ் 16 எம்பி. கணக்குப் போட்டால் அதில் சுமார் 15.7 லட்சம் பதிவுகள் அடங்கும். 1024 எம்பி வைத்தால் 10 கோடி. இந்த இரண்டு எண்களும் நினைவில் இருக்கட்டும், கீழே தேவைப்படும்.

எஞ்சினை ஓட்டியதும் லேப்டாப்பே ஹேங் ஆகிறது

மவுஸ் நகராது. பலகையில் காயை இழுத்தால் வெகுநேரம் கழித்துத்தான் நகரும். ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். விநாடிக்கு லட்சக்கணக்கில் ஓட வேண்டிய நோட்ஸ் (எஞ்சின் பார்க்கும் நிலைகள்) எண் ஆயிரங்களுக்கு இறங்கியிருக்கும். ஹாஷை இருக்கிற ரேமுக்கு மீறி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

உறுதி செய்துகொள்ள கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மெமரி 95 சதவீதத்துக்கு மேல் போய், டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம். ரேமில் இடம் இல்லாததால் விண்டோஸ் ஹாஷின் ஒரு பகுதியை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டது. ஹாஷில் எஞ்சின் வரிசையாகத் தேடாது. இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று என்று விநாடிக்கு லட்சக்கணக்கான முறை எட்டிப் பார்க்கும். ரேமில் ஒரு முறை எட்டிப் பார்க்க ஏறக்குறைய நூறு நானோ விநாடி ஆகும். பழைய ஹார்டு டிஸ்க்கில் அதற்குப் பத்து மில்லி விநாடி வரை ஆகும். அதாவது லட்சம் மடங்கு. சின்ன ஹாஷோடு ஓடும் எஞ்சின் இதைவிட ஆயிரம் பங்கு மேல்.

"8 ஜிபி ரேம் இருக்கே தம்பி, 8192 வைச்சா என்ன?" என்று ஒரு அப்பா கேட்டார். தலைமடைக்காரர் வாய்க்கால் தண்ணீர் முழுவதையும் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும் என்று சொன்னேன், உடனே புரிந்துகொண்டார். விண்டோஸ், செஸ் மென்பொருள், பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாமே அதே ரேமில்தான் பிழைக்க வேண்டும். எஞ்சினுக்கும் ஹாஷ் போகத் தனியாக இடம் வேண்டும். 2020-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் அதற்குள் நிலையை மதிப்பிடும் ஒரு நியூரல் வலை இருக்கிறது, அதற்கும் ரேம் ஆகும்.

சரிசெய்வது எளிது. எஞ்சினை நிறுத்துங்கள். வழக்கமாகத் திறந்து வைத்திருப்பவை எல்லாம் திறந்திருக்கட்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதிக்குப் போய், பயன்படுத்தக் கிடைப்பது எவ்வளவு என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் ஹாஷுக்குக் கொடுக்காதீர்கள். "மொத்த ரேமில் பாதி" என்று ஒரு கணக்கைப் பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 4 ஜிபி லேப்டாப்பில் அது ஆபத்தான கணக்கு. உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், விண்டோஸும் பிரவுசரும் இரண்டு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஒரு ஜிபி சொச்சம்தான். அதில் 512 வைக்கலாம். பிரவுசரில் நிறைய டேப் திறந்து வைக்கும் வீடு என்றால் 256 போதும். 8 ஜிபி இருந்து, காலியாக நான்கு ஜிபி காட்டினால் 2048 வைக்கலாம். 16 ஜிபி உள்ளவர்கள் 4096 வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அளவை மாற்றிய பிறகு எஞ்சினை ஒருமுறை முழுதாக மூடித் திறந்துவிடுங்கள். டிஸ்க் விளக்கு அடங்கிவிட்டதா என்று பாருங்கள்.

ஹாஷ் 100 சதவீதம் என்று காட்டுகிறது, டெப்த் ஏறவே மாட்டேன் என்கிறது

டெப்த் என்பது எஞ்சின் எத்தனை நகர்வு ஆழம் பார்க்கிறது என்ற எண். இது முன்னதற்கு நேரெதிர். அளவு போதவில்லை. பெரும்பாலும் அந்த 16 எம்பியையே யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

சாதாரண லேப்டாப்பில் எஞ்சின் விநாடிக்கு 5 லட்சம் நிலைகளைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் 3 கோடி. பார்ப்பது எல்லாமே புது நிலையாக இருக்காது, பல நிலைகள் ஏற்கெனவே எழுதிய பதிவிலேயே போய்ச் சேரும். அப்படியும் 15.7 லட்சம் இடம் எந்த மூலைக்கு? நிமிடம் முடிவதற்குள் நிரம்பிவிடும்.

நிரம்பிவிட்டால் எஞ்சின் நின்றுவிடுமோ, தப்பு நகர்வு சொல்லுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு கட்டில் உள்ள மூன்று பதிவுகளில் மதிப்பு குறைந்தது எதுவோ, அதாவது ஆழம் குறைவாகப் பார்த்தது அல்லது முந்தைய தேடலில் எழுதியது எதுவோ, அதன் மேல் புதியதை எழுதிக்கொள்ளும். அழிந்த நிலைக்குத் திரும்பி வந்தால் மறுபடி கணக்குப் போட வேண்டும். அதனால்தான் டெப்த் ஏற இத்தனை நேரம்.

எவ்வளவு நிரம்பலாம் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் ஹாஷை 1 எம்பியிலிருந்து படிப்படியாக இரட்டிப்பாக்கி ஆட்டங்கள் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். நிரம்பல் 30 சதவீதத்துக்குள் இருந்தால் ஆட்ட வலு குறையாமல் இருக்கிறது என்று அதில் தெரிந்தது. எஞ்சின் இந்த எண்ணை ஆயிரத்துக்கு இத்தனை என்று அனுப்பும். சில மென்பொருள்கள் அப்படியே காட்டும், சில சதவீதமாக மாற்றிக் காட்டும். 300 என்று தெரிந்தால் அது 30 சதவீதம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் வழக்கமாகப் பகுப்பாய்வு செய்யும் மாதிரியான ஒரு நடு ஆட்ட நிலையை வையுங்கள். வழக்கமாக எவ்வளவு நேரம் விடுவீர்களோ அவ்வளவு நேரம் விடுங்கள். முடிவில் நிரம்பல் எண்ணைப் பாருங்கள். 30-க்குக் கீழே இருந்தால் கை வைக்காதீர்கள். மேலே இருந்தால் ஹாஷை இரட்டிப்பாக்கி மறுபடி பாருங்கள். 16-லிருந்து 32, 64, 128 என்று ஏற்றிக்கொண்டே போகலாம், மேலே சொன்ன ரேம் எல்லையைத் தொடும் வரை. எல்லையைத் தொட்டும் 60, 70 என்று காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாதிக்கு மேல் நிரம்பிய ஹாஷால் வரும் நஷ்டம் சின்னது. ரேம் போதாமல் டிஸ்க்குக்குப் போனால் வருவது பெரிய நஷ்டம்.

த்ரெட் எண்ணிக்கையைக் கூட்டினால் ஹாஷையும் பாருங்கள். நான்கு த்ரெட்டும் ஒரே அட்டவணையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. நான்கு பேர் எழுதினால் நோட்டு சீக்கிரம் தீரத்தான் செய்யும்.

பிள்ளை எஞ்சினோடு பிளிட்ஸ் மட்டும் ஆடுகிறான், நகர்வுக்கு இரண்டு மூன்று விநாடிதான் என்றால் 64 எம்பி தாராளம். அதற்கு இரண்டு ஜிபி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. இரவு முழுக்க ஒரு ஓப்பனிங் நிலையை ஓடவிடுகிற பயிற்சியாளருக்குத்தான் பெரிய ஹாஷ் உண்மையில் உதவும்.

ஒரு நகர்வு முன்னால் போனதும் நிரம்பல் சட்டென்று இறங்கிவிட்டது

ஒன்றும் அழியவில்லை. ஸ்டாக்ஃபிஷ் இந்த எண்ணைக் கணக்கிடும்போது அட்டவணையின் முதல் ஆயிரம் கட்டுகளை மட்டும் மாதிரிக்குப் பார்த்து, நடப்புத் தேடலில் எழுதியவற்றையே எண்ணுகிறது. புதிய தேடல் தொடங்கியதும் எண்ணிக்கை கீழேயிருந்து தொடங்கும். பழைய பதிவுகள் உள்ளேயே இருக்கின்றன. அதனால்தான் டெப்த் மளமளவென்று 20-ஐத் தாண்டி ஓடுகிறது.

முன்னும் பின்னும் போய் வந்தால் அதே நிலைக்கு மதிப்பெண் கொஞ்சம் மாறுவதும் இதனால்தான். முன்னால் போய்ப் பார்த்த விவரம் ஹாஷில் இருக்கிறது, திரும்பி வரும்போது எஞ்சின் அதைப் பயன்படுத்துகிறது. ஒரு நிலையைப் புரிந்துகொள்ள இது நல்ல வழி என்பது என் கருத்து. பிரதான வரிசையில் நான்கைந்து நகர்வு முன்னால் போய், அங்கே கொஞ்சம் யோசிக்க விட்டு, ஒவ்வொன்றாகப் பின்னால் வாருங்கள். ஒரே இடத்தில் வைத்துக் காத்திருப்பதைவிடச் சீக்கிரம் உண்மை தெரியும்.

எவ்வளவு நேரம் விட்டாலும் ஹாஷ் நிரம்பவில்லை

ஏதோ வேலை செய்யவில்லை என்று நினைத்து ஒரு பயிற்சியாளர் கூப்பிட்டார். பலகையில் இருந்தது சிப்பாய் இறுதியாட்டம். அங்கே அப்படித்தான் இருக்கும்.

1901-இல் வந்த லாஸ்கர்–ரைக்ஹெல்ம் நிலையை வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை ஆட வேண்டும். ஜெயிப்பதற்கு ராஜாவை பி1-க்குக் கொண்டுபோக வேண்டும். எதிரியின் சிப்பாயை நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஓர் அடி வைப்பதால் பிள்ளைகளுக்கு இது முதலில் கண்ணில் படாது.

சிப்பாய்கள் எல்லாமே ஒன்றையொன்று மறித்து நிற்கின்றன. ஏதாவது ஒன்று வெட்டுப்படும் வரை நகரக்கூடியவை இரண்டு ராஜாக்கள் மட்டும். ஒரு ராஜாவுக்கு 64 கட்டம், மற்றதற்கு 64, யாருடைய முறை என்பதற்கு 2. பெருக்கினால் 8192. இதற்கு மேல் வித்தியாசமான நிலைகளுக்கு வழியே இல்லை. பதிவுக்கு 10 பைட் என்றால் 80 கேபி சொச்சம். 1 எம்பி ஹாஷில்கூட ஒரு மூலைதான் ஆகும். சிப்பாய் வெட்டுப்பட்ட பிறகு வரும் நிலைகளையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், ஆனாலும் நடு ஆட்டத்தோடு ஒப்பிட்டால் மெதுவாகத்தான் ஏறும். ஹாஷ் இல்லாத எஞ்சின் இதே 8192 நிலைகளுக்குள் கோடிக்கணக்கான வழிகளில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹாஷ் இருப்பதால் கண் சிமிட்டும் நேரத்தில் பி1 என்று சொல்லிவிடுகிறது. ஹாஷ் ஏன் வேண்டும் என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான நிலை எனக்குத் தெரியாது.

அளவை முடிவு செய்ய இந்த மாதிரி நிலையை வைத்துச் சோதிக்காதீர்கள். ராணிகளும் யானைகளும் பலகையில் இருக்கிற, இரண்டு பக்கமும் திறந்த நிலையை வையுங்கள்.

எஞ்சின் தொடங்கவே இல்லை, அல்லது எண்ணை மாற்றியதும் மூடிக்கொள்கிறது

கேட்ட அளவு ரேமை ஒதுக்க முடியவில்லை என்றால் ஸ்டாக்ஃபிஷ் ஒரு வரிப் பிழைச் செய்தி காட்டிவிட்டு வெளியேறிவிடும். செஸ் மென்பொருளுக்குள் ஓட்டும்போது அந்த வரி நம் கண்ணுக்குப் படாது, எஞ்சின் செத்துவிட்டது என்று மட்டும் தெரியும். எண்ணில் ஒரு சைபர் கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள். 1024 என்று நினைத்து 10240 அடித்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண் சரிதான் என்றால், எஞ்சின் 32 பிட் கோப்பா என்று பாருங்கள். பழைய லேப்டாப்களில் இது அடிக்கடி வரும். 32 பிட் ஸ்டாக்ஃபிஷ் 2048 எம்பிக்கு மேல் ஏற்காது, விண்டோஸில் அவ்வளவுகூடக் கிடைப்பது கஷ்டம். கணினி 64 பிட் என்றால் 64 பிட் எஞ்சினையே இறக்கிக்கொள்ளுங்கள், வேகமும் கூடும்.

சில பழைய எஞ்சின்கள் 64, 128, 256 என்று இரண்டின் அடுக்காக வரும் எண்களை மட்டுமே பயன்படுத்தும். 500 என்று கொடுத்தால் சத்தம் போடாமல் 256-ஆகக் குறைத்துக்கொள்ளும். இப்போதைய ஸ்டாக்ஃபிஷில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, 700 வேண்டுமென்றால் 700 வைக்கலாம்.

முதல் சில நிமிடம் நன்றாக ஓடி, பிறகு வேகம் பாதியாகிறது

ஹாஷ் நிரம்பிவிட்டது என்று எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நம் ஊர்ச் சித்திரை, வைகாசியில் பெரும்பாலும் காரணம் சூடு. எல்லா த்ரெட்டும் முழு வேகத்தில் ஓடும்போது பிராசசர் கொதிக்கும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கட்டில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிரித்துப் பார்ப்பது எளிது. ஹாஷ் நிரம்பினால் டெப்த் ஏறுவதுதான் மெதுவாகும், விநாடிக்கு இத்தனை நோட்ஸ் என்ற எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சூடு என்றால் அந்த நோட்ஸ் எண்ணே சரியும், ஹாஷ் 10 சதவீதத்தில் இருந்தாலும் சரியும். கீழே இரண்டு பக்கமும் கட்டை வைத்து லேப்டாப்பைத் தூக்கி, மின்விசிறிக்கு நேரே வையுங்கள். ஒரு த்ரெட்டைக் குறையுங்கள். தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யக் கொடுங்கள். சார்ஜர் சொருகாமல் ஓட்டினாலும் வேகம் இறங்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பெரிய ஹாஷ் வைத்ததும் தொடக்கத்திலிருந்தே வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தால் அது வேறு. பல ஜிபி அட்டவணையில் முகவரி தேடுவதற்கே பிராசசருக்குச் சற்று நேரம் கூடுதலாகிறது. விண்டோஸில் பெரிய நினைவகப் பக்கங்களுக்கான அனுமதியைக் கொடுத்தால் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வேகம் திரும்பக் கிடைக்கும். வகுப்பு லேப்டாப்களுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை.

இரண்டு எஞ்சின்களை மோதவிட்டால் மட்டும் திணறுகிறது

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி ஹாஷ். 1024 என்று வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து 2048. ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஓட்டினால் 4096. பின்னால் பகுப்பாய்வு எஞ்சின் ஒன்று திறந்தே கிடந்தால் அதுவும் சேரும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டாக்ஃபிஷ் எத்தனை வரியில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, வேண்டாததை மூடுங்கள்.

லீலா என்ற இன்னொரு எஞ்சினை ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அதன் நியூரல் வலைத் தற்காலிக நினைவுக்கான எண் எம்பி கணக்கில் வராது, எத்தனை நிலைகள் என்ற கணக்கில் வரும். ஸ்டாக்ஃபிஷ் எண்ணை அங்கே போட்டு ஒப்பிடாதீர்கள்.

டேபிள்பேஸ் சேர்த்த பிறகு இறுதியாட்டத்தில் இழுக்கிறது

டேபிள்பேஸ் என்பது காய்கள் குறைந்த இறுதியாட்ட நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்த கோப்புகள். சிசிஜி என்ற வகை டேபிள்பேஸ் ஐந்து காய் வரை சுமார் 1 ஜிபி, ஆறு காய் என்றால் 150 ஜிபி அளவில் வரும். எஞ்சின் இந்தக் கோப்புகளைத் தன் ஹாஷில் வைத்துக்கொள்வதில்லை. படித்த பகுதிகளை விண்டோஸ்தான் காலி ரேமில் பிடித்து வைக்கிறது. ஹாஷ் ரேமை முழுதாக எடுத்துக்கொண்டால் அதற்கு இடமில்லாமல் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் தொட வேண்டிவரும். டேபிள்பேஸ் வைத்திருப்பவர்கள் ஹாஷை ஒரு படி குறைத்து வையுங்கள். 4 ஜிபி லேப்டாப்பில் 512 இருந்தால் 256. கோப்புகள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். ஹார்டு டிஸ்க் மட்டும்தான் என்றால் ஐந்து காயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நேற்று இரவு முழுக்க ஓட்டியது காலையில் காணோம்

ஹாஷ் ரேமில் இருப்பது. எஞ்சினை மூடினாலும் கரன்ட் போனாலும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே கரன்ட் போவது சொல்லிக்கொண்டு வராது. பேட்டரி செத்த லேப்டாப் என்றால் அந்த நொடியே எல்லாம் போச்சு. ஸ்டாக்ஃபிஷில் ஹாஷைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கியமான வரிசைகளை ஆட்டத்துக்குள் கிளையாகச் சேர்த்து, மதிப்பெண்ணும் டெப்த்தும் குறித்து, பிஜிஎன் (ஆட்ட நகர்வுகளை எழுதி வைக்கும்) கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.

கரன்ட் போகாமலேயே அழிய இரண்டு வழிகள் உண்டு. புதிய ஆட்டம் தொடங்கினால் மென்பொருள் எஞ்சினுக்கு அதைச் சொல்லும், எஞ்சின் அட்டவணையைத் துடைத்துவிடும். நடுவில் ஹாஷ் எண்ணை மாற்றினாலும் அப்படியே. கூட்டினாலும் குறைத்தாலும் காலி அட்டவணையிலிருந்துதான் தொடங்கும். நீண்ட பகுப்பாய்வு என்றால் எண்ணை முதலிலேயே முடிவு செய்துவிட்டு ஓடவிடுங்கள்.

கைபேசியில்

செயலியை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பினால் எஞ்சின் முதலிலிருந்து தொடங்குகிறதா? பின்னணியில் ரேமை அதிகம் பிடித்திருக்கும் செயலியை ஆண்ட்ராய்டு மூடிவிடும். 64 அல்லது 128 வைத்துக்கொள்ளுங்கள். லிசெஸ் இணையதளத்தின் பகுப்பாய்வுப் பக்கத்தில் நினைவகத்துக்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதைக் கடைசி வரை இழுத்த பிறகு பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டால் ஒவ்வொரு படியாகக் குறைத்து, பத்து நிமிடம் நிலையாக ஓடுகிற இடத்தில் விட்டுவிடுங்கள்.